‘அப்படி என்ன கவலை உனக்கு?’

ஐம்பதை நெருங்கும் ஒரு பெண் ராத்திரியில் பொட்டுத் தூக்கமில்லை என்று சொல்லிவிட்டால் போதும், கேட்பவர் யாராக இருந்தாலும் வாயில் முதலில் வருவது ‘அப்படி என்ன கவலை உனக்கு?’ என்பதுதான். மகள் கல்யாணமா, வீட்டுக் கடனா என்று ஒவ்வொன்றாகத் துருவுவார்கள். அவளும் யோசித்துப் பார்த்து ஏதாவது ஒன்றை எடுத்துக் கொடுப்பாள். கவலைக்கா பஞ்சம்? நான் மகனின் வேலையைக் காரணமாகச் சொல்லி வந்தேன். அவனுக்கு வேலை கிடைத்தது. எனக்குத் தூக்கம் மட்டும் திரும்பவில்லை.

உடல் உறங்க வேண்டுமானால் அதன் உட்சூடு கொஞ்சம் இறங்க வேண்டும். அந்தச் சூட்டைக் கவனித்துக்கொள்வது மூளையின் அடிப்பகுதியில் இருக்கும் ஹைப்போதலாமஸ். ஈஸ்ட்ரோஜன் தாராளமாக இருக்கும்வரை சின்னச் சின்ன ஏற்ற இறக்கங்களை அது பொருட்படுத்துவதில்லை. சினைப்பை ஓயத் தொடங்கி ஈஸ்ட்ரோஜன் சரிந்ததும் அந்தப் பொறுமை போய்விடுகிறது. இம்மி சூடு கூடினாலும் ரத்தக் குழாய்களை விரித்து, வேர்வையைக் கொட்டி, நெஞ்சைப் படபடக்க வைக்கிறது. மாதவிடாய் நின்ற பெண்களின் ஹைப்போதலாமஸில் ஒரு சிறு நரம்பணுக் கூட்டம் பருத்துக் கிடப்பதை அமெரிக்க ஆய்வாளர் நவோமி ரான்ஸ் 1990களின் தொடக்கத்தில் கண்டறிந்தார். அந்த அணுக்களின் சமிக்ஞையைத் தடுக்கும் ஃபெசோலினெட்டன்ட் என்ற மாத்திரைக்கு அமெரிக்கா 2023இல் அனுமதி தந்தது. கல்லீரலைக் கண்காணித்தபடிதான் அதைச் சாப்பிட வேண்டும். எப்படியும், நடுநிசியில் நம்மை எழுப்புவது மகனின் வேலை அல்ல என்பது இவ்வளவு தெளிவாகத் தெரிந்த பிறகும், ‘மனசுல எதையும் போட்டு உழப்பிக்காதே’ என்ற அறிவுரை ஓய்ந்தபாடில்லை.

சினைப்பையின் இன்னொரு ஹார்மோனான புரோஜெஸ்டரோனின் கதை எனக்கு இன்னும் சுவாரசியமானது. அது உடலில் சிதையும்போது அலோபிரெக்னனலோன் என்ற பொருள் உண்டாகிறது. மூளையை அமைதிப்படுத்தும் காபா ஏற்பிகளில் போய் வேலை செய்வது அதுதான். அல்பிரசோலம் போன்ற மாத்திரைகள் பிடித்துக்கொள்வதும் அதே ஏற்பிகளைத்தான். அதாவது, ஒவ்வொரு மாதமும் பாதி நாட்களுக்கு நம் உடலே தூக்க மருந்து தயாரித்துத் தந்துகொண்டிருந்தது. அது நின்றுபோனதைச் சொல்லாமல், பக்கத்து வீட்டு அக்காவிடம் அரை மாத்திரை வாங்கிப் போட்டுக்கொள்ளும் வழக்கம் நம்மூரில் பரவலாக இருக்கிறது. அந்த அரை, ஒன்றாகி, விட முடியாமல் போன வீடுகளை எனக்குத் தெரியும்.

விழிப்பு வந்துவிட்ட பிறகுதான் கவலை வருகிறது என்பது நான் கவனித்தது. மூன்று மணிக்குக் கண் திறந்துவிட்டால் மனம் சும்மா இருப்பதில்லை. விழித்ததற்கு ஒரு காரணம் வேண்டும் என்று தேட ஆரம்பிக்கிறது. பத்து வருடத்துக்கு முந்தைய ஒரு சொல், கட்டாமல் விட்ட ஒரு தவணை என்று இழுத்துக்கொண்டு வருகிறது. பகலில் அதே விஷயங்களுக்கு அந்தக் கனமே இருக்காது.

இந்தியப் பெண்களுக்கு மாதவிடாய் சராசரியாக 46, 47 வயதிலேயே நின்றுவிடுகிறது. மேலை நாடுகளில் 51. தூக்கம் கெடுவதோ அதற்கும் சில ஆண்டுகள் முன்பே தொடங்கிவிடலாம், விலக்கு மாதாமாதம் வந்துகொண்டிருக்கும்போதே. கர்ப்பப்பையோடு சினைப்பையையும் எடுத்துவிட்டவர்களுக்கு எல்லாம் ஒரே வாரத்தில் வந்து இறங்கும்.

ஹார்மோன் சிகிச்சை என்றதும் ‘ஐயோ, கேன்சர்’ என்று பதறுகிறோம். 2002 ஜூலையில் அமெரிக்காவில் 16,608 பெண்களிடம் நடந்த பெரிய ஆய்வு பாதியில் நிறுத்தப்பட்டதன் எதிரொலி அது. மார்பகப் புற்றுநோய், பக்கவாதம், ரத்த உறைவு ஆகியவை கூடியது உண்மை. அந்தப் பெண்களின் சராசரி வயது 63 என்ற செய்திதான் நம் காதுக்கு எட்டவில்லை. அறுபதுக்குள், மாதவிடாய் நின்று பத்தாண்டுகளுக்குள் தொடங்குபவர்களுக்குக் கணக்கு வேறு. மார்பகப் புற்றுநோயோ ரத்த உறைவோ வந்தவர்களுக்கு இது பொதுவாக ஆகாது. மற்றவர்கள் மருத்துவரோடு உட்கார்ந்து பேசலாம். பேசவே கூடாது என்று யார் சொன்னது? குறட்டையையும் சொல்லிவிடுங்கள். இந்த வயதில் பெண்களுக்கும் மூச்சுத் தடைபட்டுத் தூக்கம் கலைவது கூடுகிறது. வெட்கப்பட்டு அதை மறைத்துவிடுகிறோம்.

மாத்திரைக்கு முன்பாக மருத்துவர்கள் சொல்லித் தரும் பயிற்சி ஒன்று உண்டு. தூக்கம் வராவிட்டால் படுக்கையில் புரளாமல் வேறு அறைக்குப் போய் உட்கார வேண்டும். தூக்கம் கண்ணைச் சுழற்றும்போது திரும்பலாம். இரவு எப்படிப் போனாலும் காலையில் ஒரே நேரத்தில் எழ வேண்டும். பலன் தரும் பயிற்சிதான். ஆனால் ஒரு படுக்கையறையும் ஒரு கூடமும் உள்ள வீட்டில் அந்த வேறு அறை எது? கூடத்தில் மாமனார் படுத்திருப்பார். மிச்சம் அடுக்களை. என் தோழி இந்த ஆலோசனையைச் சிரத்தையாகப் பின்பற்றினாள். இரண்டு மணிக்குக் கொண்டைக்கடலை ஊறப்போட்டு, மேடையைத் துடைத்து, பூண்டு உரித்து வைத்துவிட்டுப் படுப்பாள். மறுநாள் சமையல் சீக்கிரம் முடிந்ததில் வீட்டில் எல்லோருக்கும் திருப்தி.

ஒரே நேரத்தில் எழுவதில் அவளுக்குச் சிரமமே இல்லை. குழாயில் தண்ணீர் வரும் நேரமும் பள்ளி வேனும் சேர்ந்து வைத்த நாலரை மணி அலாரம் அது. பிள்ளைகள் படித்து முடித்து வெளியூர் போய்விட்டார்கள், மாடியில் தொட்டி வந்துவிட்டது, அலாரத்தை மட்டும் யாரும் தொடவில்லை. “ஆறு மணிக்கு மாத்துங்கம்மா” என்று மருத்துவர் சொன்னபோது, “எங்க அத்தைக்கு அஞ்சு மணிக்குக் காப்பி வேணுமே, டாக்டர்” என்றாளாம். இப்போது அந்தக் காப்பியை அவள் கணவர் போடுகிறார். டிகாக்‌ஷன் தண்ணியாக இருக்கிறது என்று அத்தை தினமும் குறை சொல்கிறார், மகன் கையால் போட்டது என்பதால் குடித்தும்விடுகிறார். தோழி ஆறு மணி வரை படுத்திருக்கிறாள். சில நாள் தூங்கவும் செய்கிறாள்.