மல்லரின் மரணமும் மக்களின் நாவும்

 

மௌத்துச் செய்தி ஒன்று காதில் விழுந்தால் முதலில் அசைவது நம் நாவுதான். “நல்ல மனுஷர்” என்போம். “எப்பேர்ப்பட்ட ஆள்” என்போம். இறந்தவர் பேரும் புகழும் பெற்றவராயிருந்தால் சொல்லவே வேண்டியதில்லை. ஆனால் அந்தப் புகழ் பெற்றவரே தம் வீட்டாரைக் கொன்றுவிட்டுத் தம்மையும் மாய்த்துக் கொண்டவராயிருந்தால்? அப்போது ஜனங்களின் நாவு எப்படியெல்லாம் புரளுகிறது என்பதற்கு அமெரிக்காவில் நடந்த சம்பவம் ஒன்று சாட்சியாக இருக்கிறது. வருஷங்கள் பல கடந்தும் அதைப் பற்றிய பேச்சு ஓயவில்லை.

கிறிஸ் பென்வா என்பவர் கனடா நாட்டில் பிறந்த மல்யுத்த வீரர். டபிள்யூ.டபிள்யூ.ஈ. என்ற நிறுவனத்தின் மேடைகளில் மோதியவர். 2004 மார்ச்சில் நியூயார்க் நகரில் உலக ஹெவிவெயிட் பட்டத்தை வென்றவர். தொலைக்காட்சியில் மல்யுத்தம் பார்க்கும் பழக்கம் நம் வீடுகளிலும் நுழைந்துவிட்டதால், இன்று வாப்பாமார்களாயிருக்கும் பலர் சிறுவயதில் இவர் பெயரைச் சொல்லிக் கூத்தாடியவர்கள்தாம்.

2007 ஜூன் 25, திங்கட்கிழமை. ஜார்ஜியா மாநிலத்தில் ஃபயட்வில் என்ற ஊரிலிருந்த அவர் வீட்டில் மூன்று உடல்களைப் போலீசார் கண்டெடுத்தார்கள். வெள்ளி முதல் ஞாயிறு வரையான நாட்களில், முதலில் மனைவி நான்ஸியை, பிறகு 7 வயதே ஆன மகனைக் கொன்று, கடைசியில் தம்மையும் அவர் மாய்த்துக் கொண்டார் என்பது விசாரணையில் தெரிந்தது.

அன்றிரவு என்ன நடந்தது தெரியுமா? மூன்று மரணங்கள் என்ற அளவில்தான் செய்தி எட்டியிருந்தது. எப்படி, யாரால் என்று தெரியவில்லை. நிறுவனம் தன் வழக்கமான நிகழ்ச்சியை ரத்து செய்துவிட்டு மூன்று மணி நேரம் பென்வாவுக்குப் புகழஞ்சலி ஒளிபரப்பியது. சக வீரர்கள் கண்ணீர் விட்டார்கள். அவர் வென்ற பழைய போட்டிகளைத் திரும்பக் காட்டினார்கள். அன்றிரவே உண்மை வெளிவரத் தொடங்கியது. மறுநாள் நிறுவனத்தின் தலைவர் தொலைக்காட்சியில் தோன்றி, இனி பென்வாவின் பெயர் இந்நிகழ்ச்சியில் உச்சரிக்கப்படாது என்று அறிவித்தார். அவர் பெயர் தாங்கிய சரக்குகள் விற்பனையிலிருந்து அகற்றப்பட்டன. நேற்று மூன்று மணி நேரப் புகழ். இன்று அப்படியொரு மனிதர் இருந்ததாகவே காட்டிக் கொள்ளாத மௌனம்!

தெரியாமல் செய்தார்கள் என்று சிலர் சமாதானம் சொல்வார்கள். தெரியாதபோது மூன்று மணி நேரம் பேசச் சொன்னது யார் என்றுதான் நாம் கேட்கிறோம். வந்த செய்தியைத் தீர விசாரித்துக் கொள்ளும்படி ஸூரத்துல் ஹுஜுராத்தின் 6ஆம் ஆயத் நமக்குக் கட்டளையிடுகிறது. விசாரிக்காமல் பழி சொல்வதைத்தான் அது தடுக்கிறது என்று எண்ணிவிடுகிறோம். விசாரிக்காத புகழும் ஒருவருக்கு அநியாயமாக முடியக்கூடும் என்பதை அந்த மூன்று மணி நேரம் காட்டவில்லையா? கொல்லப்பட்டவளின் பெற்றோர் அந்நேரம் தொலைக்காட்சியின் முன் உட்கார்ந்திருந்தால் அவர்கள் கல்பு என்ன பாடுபட்டிருக்கும்!

ஸஹீஹுல் புகாரியில் உம்முல் அலா (ரலி) என்ற அன்ஸாரிப் பெண்மணி அறிவிக்கும் ஹதீஸ் ஒன்று உண்டு. மக்காவிலிருந்து ஹிஜ்ரத் செய்து வந்த உஸ்மான் இப்னு மள்ஊன் (ரலி) அவர்கள் அப்பெண்மணியின் வீட்டில்தான் தங்கினார்கள். அங்கேயே நோயுற்று வஃபாத்தானார்கள். கபனிட்ட பிறகு அப்பெண்மணி, அல்லாஹ் உம்மைக் கண்ணியப்படுத்திவிட்டான் என்பதற்கு நான் சாட்சி என்று சொன்னபோது, அது உமக்கு எப்படித் தெரியும் என்று நாயகம் (ஸல்) அவர்கள் கேட்டார்கள். இவருக்கு நன்மையையே ஆதரவு வைக்கிறேன் என்றும் கூறினார்கள். இறந்தவரோ பத்ரில் கலந்து கொண்ட ஸஹாபி! அவர் விஷயத்திலேயே ஆதரவு வைக்கலாம், தீர்ப்புச் சொல்லக் கூடாது என்று கற்றுத் தரப்பட்டது.

இன்னொரு சம்பவம், நம் விஷயத்துக்கு இதைவிடவும் நெருக்கமானது. ஸஹ்ல் இப்னு ஸஅத் (ரலி) அறிவிக்கிறார்கள். ஒரு போரில் எதிரிகளை ஒருவர்கூடத் தப்பவிடாமல் விரட்டி வெட்டிய வீரர் ஒருவர் இருந்தார். இன்று இவரைப் போல் நமக்கு உதவியவர் யாருமில்லை என்று படை முழுவதும் வியந்தது. நாயகம் (ஸல்) அவர்களோ, அவர் நரகவாசி என்றார்கள். திகைத்துப்போன ஒருவர் அந்த வீரரைப் பின்தொடர்ந்தார். பலத்த காயம் பட்டதும் வலி தாளாமல் தம் வாளாலேயே அந்த வீரர் உயிரை முடித்துக் கொண்டதைக் கண்டார். ஜனங்களின் பார்வைக்குச் சொர்க்கவாசிகளின் அமல் போலத் தோன்றுவதை ஒருவர் செய்து கொண்டிருக்க, அவர் நரகவாசியாயிருக்கக் கூடும் என்று அண்ணலார் விளக்கினார்கள். படை பார்த்தது அவருடைய வாள் வீச்சை. அமெரிக்க ஜனங்கள் பார்த்ததும் மேடையை மட்டும்தான். அந்த வீட்டின் கதவுக்குப் பின்னால் யாரும் பார்க்கவில்லை.

பிறகு காரணம் தேடும் படலம் தொடங்கியது. உடம்பை முறுக்கேற்றும் ஸ்டீராய்டு மருந்துதான் வெறியைக் கிளப்பியது என்று பத்திரிகைகள் எழுதின. ஜூலையில் பரிசோதனை முடிவு வந்தது. டெஸ்டோஸ்டிரோன் என்னும் சத்து அவர் உடலில் மிக அதிகமாயிருந்தது உண்மையே. ஆனால் கொலைக்கு அதுவே காரணம் என்று சொல்ல இயலாது என்றார் மருத்துவ அதிகாரி. செப்டம்பரில் வேறொரு தகவல் வந்தது. பென்வாவின் மூளையை ஆராய்ந்த டாக்டர் ஜூலியன் பெய்ல்ஸ் குழுவினர், 40 வயதான அம்மனிதரின் மூளை, ஞாபகம் தப்பிப்போன 85 வயது அல்ஜைமர் நோயாளியின் மூளையைப் போல் சேதமடைந்திருந்தது என்றார்கள். வருஷக்கணக்கில் தலையில் வாங்கிய அடிகள்! கயிற்றின் மேலேறி எதிரியின் மீது தலைகீழாகப் பாய்ந்து முட்டுவது அவருக்குப் பேர் வாங்கித் தந்த வித்தை. மல்லர்கள் நாற்காலியால் தலையில் அடித்துக் கொள்வதை 2010இல்தான் அந்நிறுவனம் தடை செய்தது. சண்டையிட்டாலும் முகத்தில் அடிக்காதீர்கள் என்று பதினான்கு நூற்றாண்டுகளுக்கு முன்பே தடுத்த நபியின் உம்மத் நாம். நம் பிள்ளைகள் தலையணையைப் போட்டு அதே பாய்ச்சலைப் பாய்ந்து பழகியபோது நாமும் சிரித்துக் கொண்டுதான் இருந்தோம்.

மல்யுத்தத்தையே நாம் குறை கூறவில்லை. ருகானா என்ற மல்லருடன் நாயகம் (ஸல்) அவர்கள் மல்யுத்தம் செய்து வீழ்த்தியதாக அபூதாவூதிலும் திர்மிதியிலும் அறிவிப்பு இருக்கிறது. அதே அண்ணலார்தாம், ஆளை வீழ்த்துகிறவன் பலசாலியல்ல, கோபத்தின்போது தன்னை அடக்கிக் கொள்பவனே பலசாலி என்று போதித்தார்கள். உம் உடலுக்கும் உம்மீது ஹக்கு உண்டு, உம் மனைவிக்கும் உம்மீது ஹக்கு உண்டு என்று அப்துல்லாஹ் இப்னு அம்ர் (ரலி) அவர்களிடம் ஒரே மூச்சில் சொன்னதும் அவர்கள்தாம்.

மூளை பழுதுபட்டவரைக் குற்றவாளி என்பது நியாயமா என்று ஒரு கேள்வி எழும். புத்தி பேதலித்தவர் தெளியும் வரை பேனா உயர்த்தப்பட்டிருக்கிறது என்பது ஹதீஸ். அந்த மனிதரின் புத்தி எந்த அளவில் இருந்தது, எந்த நிமிஷத்தில் தவறியது என்பதை அவரைப் படைத்தவன் அறிவான். அந்தக் கணக்கு நம்மிடம் ஒப்படைக்கப்படவில்லை. மரித்தவர்களை ஏசாதீர்கள், அவர்கள் முற்படுத்தியதை அவர்கள் அடைந்துவிட்டார்கள் என்ற கருத்தில் ஆயிஷா (ரலி) அவர்கள் அறிவிக்கும் ஹதீஸும் இருக்கிறது. ஆனாலும் நமக்கு ஒரு மனக்குறை. ஸ்டீராய்டா, மூளையா, மன அழுத்தமா என்று உலகமே விவாதித்ததில் பேசப்பட்டவர் ஒரே ஒருவர்தான். கொன்றவரைப் பற்றி ஆயிரம் பக்கம். கொல்லப்பட்டவர்களுக்கு ஒரு வரி. அவரைக் கௌரவப் பட்டியலில் சேர்க்கலாமா கூடாதா என்று ரசிகர்கள் இன்றைக்கும் வாதாடுகிறார்கள். அந்த ஏழு வயதுப் பாலகன் வளர்ந்திருந்தால் என்னவாகியிருப்பான் என்று யார் வாதாடுகிறார்கள்?

உயிரோடு புதைக்கப்பட்ட பெண்குழந்தையிடம், எந்தக் குற்றத்துக்காக நீ கொல்லப்பட்டாய் என்று கியாமத்து நாளில் கேட்கப்படும் என்கிறது ஸூரத்துத் தக்வீர். கேள்வி கொன்றவனிடமிருந்து தொடங்கவில்லை பாருங்கள்! பேச நாவில்லாமல் மண்ணுக்குள் போன குழந்தைக்குத்தான் முதலில் பேச வாய்ப்பு.

2012 டிசம்பர் 1இல் கான்ஸாஸ் நகரில் இதே போன்ற துக்கம் நடந்தது. ஜோவன் பெல்ச்சர் என்ற கால்பந்தாட்டக்காரர் (அமெரிக்கர்கள் கையில் பிடித்து ஓடும் அந்தக் கால்பந்து) மூன்று மாதக் கைக்குழந்தையின் தாயான தம் துணைவியைச் சுட்டுக் கொன்றுவிட்டு, பயிற்சி மைதானத்துக்குச் சென்று பயிற்சியாளர் கண்ணெதிரிலேயே தம்மையும் சுட்டுக் கொண்டார். மறுநாளே அந்த அணி விளையாடியது. அது சரியா என்பதில் நமக்குச் சந்தேகம் உண்டு. ஆனால் ஆட்டத்துக்கு முன் அனுஷ்டித்த மௌனம், வீட்டுக்குள் வன்முறைக்கு இரையாகிறவர்களுக்காக என்று அறிவிக்கப்பட்டது. 2007இல் தோன்றாத எண்ணம் ஐந்து வருஷத்தில் தோன்றியிருக்கிறது. இம்மட்டுக்கேனும் நல்லதுதான்.

இங்கே ஒரு மஸ்அலாவையும் சொல்லிவிடுகிறோம். நம் மஹல்லாவில் ஒருவர் தற்கொலை செய்து கொண்டால் அவருக்கு ஜனாஸா தொழுகை இல்லை என்று சிலர் ஒதுங்கிக் கொள்கிறார்கள். தற்கொலை பெரும்பாவம்; ஸூரத்துந் நிஸாவில் அல்லாஹுத்தஆலா அதை வன்மையாகத் தடுத்திருக்கிறான். அம்பால் தன்னை மாய்த்துக் கொண்ட ஒருவருக்கு நாயகம் (ஸல்) அவர்கள் தாமே தொழுவிக்கவில்லை என்பதும் ஸஹீஹ் முஸ்லிமில் வந்துள்ளது. ஆயினும் அவர் முஸ்லிமாக மரித்தவர்; குளிப்பாட்டி, கபனிட்டு, தொழுது அடக்க வேண்டும் என்பதே ஷாபிஈ, ஹனபி இரு மத்ஹபுகளிலும் பத்வா. வேதனை தாளாமல் விரல் கணுக்களை அறுத்துக் கொண்டு இறந்த ஒரு முஹாஜிரின் கைகளுக்காக நாயகம் (ஸல்) அவர்கள் பாவமன்னிப்புக் கேட்டு துஆ செய்ததும் முஸ்லிமிலேயே இருக்கிறது. மௌத்தான வீட்டாருக்குச் சோறு ஆக்கி அனுப்பும் சுன்னத்து இங்கும் உண்டு. மற்ற வீடுகளைவிட இந்த வீட்டு அடுப்புக்குத்தான் அது அதிகம் தேவை.

நாம் மிகவும் சொல்ல விரும்பியது இனிமேல்தான் வருகிறது. நான்ஸி 2003 மே மாதத்திலேயே விவாகரத்து கோரி மனுச் செய்திருந்தாள். கொடுமை செய்கிறார், வீட்டுச் சாமான்களை உடைக்கிறார் என்று எழுதிப் பாதுகாப்பும் கேட்டிருந்தாள். ஆகஸ்டில் மனுவை வாபஸ் வாங்கிக்கொண்டாள். ஏன் வாங்கினாள் என்பது அவளோடு போய்விட்டது. அடுத்த மார்ச்சில் அவள் கணவருக்குப் பட்டம். அரங்கம் முழுக்க ஆரவாரம்.

நம் ஊர்களிலும் மனு வாபஸாகிறது. அது கோர்ட்டு வரை போவதில்லை, அவ்வளவுதான். அழுது கொண்டு உம்மா வீட்டுக்கு வரும் மகளிடம், “மாப்பிள்ளைக்கு ஊரில் எவ்வளவு நல்ல பெயர், முன் ஸஃப்பில் நிற்கிறவர், ஜமாஅத்தில் மரியாதையுள்ளவர், நீ கொஞ்சம் ஸபர் செய்” என்று சொல்லி மூன்றாம் நாள் திருப்பி அனுப்புகிறோம். உடம்பில் காயம் இருந்தால் முந்தானையை இழுத்து மூடிக்கொள்ளச் சொல்கிறோம். ஸபர் என்ற மேலான சொல்லை, வாய் பொத்துவதற்குரிய துணியாக்கிவிட்டோமே! பெண்கள் பலர் முஹம்மதின் வீட்டாரிடம் வந்து தங்கள் கணவர்களைப் பற்றி முறையிட்டுப் போகிறார்கள், அந்தக் கணவர்கள் உங்களில் சிறந்தவர்களல்ல என்று நாயகம் (ஸல்) அவர்கள் பகிரங்கமாகக் கண்டித்ததை அபூதாவூதில் காண்கிறோம். வந்தவர்களை ஒருவரும் விரட்டவில்லை. நபியின் வீட்டுக் கதவே அவர்களுக்குத் திறந்திருந்தது.

தாபித் இப்னு கைஸ் (ரலி) அவர்கள் சாதாரண மனிதரல்லர். அன்ஸாரிகளின் பேச்சாளர்; சொர்க்கவாசி என்று நாயகத்தின் திருவாயால் நன்மாராயம் பெற்றவர். அவருடைய மனைவி ஹபீபா பின்த் ஸஹ்ல் (ரலி) ஒருநாள் சுப்ஹின் இருட்டில் நாயகத்தின் வாசலில் வந்து நின்றார்கள். யார் அது என்று கேட்டறிந்து, என்ன விஷயம் என்றார்கள் அண்ணலார். இனி நானும் தாபித்தும் சேர்ந்து வாழ இயலாது என்றார்கள் ஹபீபா. தாபித் எப்பேர்ப்பட்டவர் தெரியுமா என்று அங்கே யாரும் கேட்கவில்லை. பிறகு தாபித் (ரலி) வந்ததும், ஹபீபா சொல்ல வேண்டியதைச் சொல்லிவிட்டார் என்று நாயகம் (ஸல்) அவர்கள் தெரிவித்தார்கள். அவர் தந்ததெல்லாம் என்னிடம் அப்படியே இருக்கிறது என்றார்கள் ஹபீபா. அதைப் பெற்றுக் கொள்ளும்படி அண்ணலார் சொல்ல, தாபித் (ரலி) பெற்றுக் கொண்டார்கள். ஹபீபா (ரலி) தம் குடும்பத்தாரிடம் போய் இருந்து கொண்டார்கள்.