சேவலைக் கேட்டீர்களா?

கோழியை அடை வைக்கும் கூடைக்குள் எட்டிப் பாருங்கள். அடியில் தவிடோ மணலோ, மேலே பத்துப் பன்னிரண்டு முட்டைகள். பல வீடுகளில் அவற்றோடு ஓர் இரும்புத் துண்டு, ஓர் அடுப்புக்கரி, இரண்டு காய்ந்த மிளகாய். இடி இடித்தாலும் முட்டை கலங்காமலிருக்க இரும்பாம். தீட்டு அண்டாமலிருக்கக் கரியும் மிளகாயுமாம். கூடவே ஒரு கட்டளை: வீட்டுக்கு விலக்கான பெண் அந்தப் பக்கம் போகக் கூடாது. அவள் நிழல்கூட விழக் கூடாது.

ஓர் இரும்புத் துண்டால் யாருக்கு என்ன நட்டம் என்கிறீர்களா? இரும்பால் நட்டமில்லைதான். 21 நாள் கழித்து, பன்னிரண்டில் ஏழு கூமுட்டையாகக் கிடக்கும்போதல்லவா கணக்கு தொடங்குகிறது? "எவ தொட்டா?" என்று கேட்கிறார்கள். 'எவன்' என்று கேட்ட வீடு உண்டா? போன மாதம் வயதுக்கு வந்த பெண்ணோ, வந்து ஆறு மாதமான மருமகளோ தலைகுனிந்து நிற்கிறாள். மாதாமாதம் இயல்பாக நடக்கும் ஒன்றுக்காக ஏழு உயிரைக் கொன்ற பழி அவள்மேல்.

சரி, விசாரிப்போம். முட்டையில் கரு இருந்ததா? சேவல் சேராத முட்டையை இரும்பு என்ன, இந்திரனே வந்து காத்தாலும் குஞ்சு வராது. உங்கள் சேவலை ஆடி மாதம் கோயிலில் அறுத்தீர்களே, நினைவிருக்கிறதா? பெட்டை விந்தை உடலுக்குள் சேமித்து வைக்கும். சேவல் போன பிறகும் ஏறத்தாழ இரண்டு வாரம் கருமுட்டை கிடைக்கும். அதன் பின் இடுவதெல்லாம் வெறும் முட்டைதான். சாமிக்குச் சேவல், பழி மருமகளுக்கு! நல்ல பங்கீடு.

அடுத்த கேள்வி, எத்தனை நாள் முட்டை? ஒரு வாரம் தாண்டினால் பொரிப்பு குறையத் தொடங்கும். சித்திரை வெயிலில் ஓட்டு வீட்டுப் பானைக்குள் சேர்த்து வைத்த முட்டை இன்னும் சீக்கிரம் கெடும். இரையும் தண்ணீரும் பக்கத்தில் இருந்தனவா? அடைக்கோழி நாளுக்கொரு முறை இறங்கித் தின்றுவிட்டுச் சட்டென்று திரும்பும். தேடி அலைய விட்டால் முட்டை ஆறிப்போகும்.

பல்லடம், நாமக்கல் வட்டாரப் பொரிப்பகங்களில் ஆயிரக்கணக்கான முட்டைகள் இயந்திரத்துக்குள் இருக்கின்றன. 37.5 டிகிரி செல்சியஸை ஒட்டிய சூடு, அளவான ஈரம், நேரம் தவறாத திருப்பல். அங்கே கரி எங்கே, மிளகாய் எங்கே? அந்த ஊர்களில் இடி இடிப்பதே இல்லையா?

இதில் எனக்குப் பொறுக்காதது ஒன்று உண்டு. கொல்லைக்கோழி பெரும்பாலும் பெண்களின் பாடு. முட்டை சேர்ப்பது, அடை வைப்பது, பஞ்சாரம் கவிழ்ப்பது, பருந்தை விரட்டுவது எல்லாம் அவர்கள்தாம். குஞ்சு விற்றுச் சேர்வது அவர்களின் சிறுவாட்டுக் காசு. அந்த உழைப்பாளியையே தீட்டு என்று தள்ளி வைக்க எப்படி மனம் வருகிறது?

குஞ்சு பொரித்த பிறகும் இதே கதைதான். வெள்ளைக்கழிச்சல் வந்து கூட்டமே சாகும்போது அம்மன் கோபம் என்று மஞ்சள்நீர் தெளிக்கிறோம். முதல் வாரத்தில் கண்ணிலோ மூக்கிலோ விடும் சொட்டு மருந்து கால்நடை மருந்தகத்தில் இருக்கிறது. போய்க் கேட்காதது அம்மனா, நாமா?

அடுத்த முறை அடை வைக்கும்போது, விலக்கென்று ஒதுக்கிய பெண்ணின் கையாலேயே முட்டைகளை வைக்கச் சொல்லுங்கள். ஏழாம் நாள் இரவு செல்போன் விளக்கை முட்டையின் பின்னால் பிடியுங்கள். கருவிருந்தால் சிவந்த நரம்புகள் சிலந்திபோல் பரவித் தெரியும். இல்லையென்றால் வெறுமையாக இருக்கும். வெறுமையாக இருந்தால் அவளை விட்டுவிட்டுச் சேவலைத் தேடுங்கள்.