வானம் யாருக்கு அழகு?

“வானம் எங்கும் ஒன்றுதானே; சில இடங்களில் மாத்திரம் அது ஏன் பேரழகாய்த் தோன்றுகிறது?” என்று மாணவன் ஒருவன் என்னிடம் வினவினான்.

விஞ்ஞானம் கூறும் விடை தெளிவானது. காற்றின் மூலக்கூறுகள் சூரிய ஒளியின் நீலக் கதிர்களையே மிகுதியாகச் சிதறச் செய்கின்றன. தூசியும் நீர்த்துளிகளும் எல்லா நிறங்களையும் ஏறக்குறைய ஒரே அளவிற் சிதறடித்து அந்நீலத்தை வெளிறச் செய்கின்றன. ஆகவே உயர்ந்த, வறண்ட நிலங்களிற் பகல்வானம் ஆழ்நீலமாகிறது. மின்னொளி படராத இடங்களில் இரவுவானம் விண்மீன்களால் நிறைகிறது. இவையனைத்தும் ஒருங்கே வாய்த்த நிலம் சிலி நாட்டின் அட்டகாமாப் பாலைவனம். ஐரோப்பிய வானியலாளர் அங்கே 2,600 மீற்றருக்கு மேற்பட்ட உயரத்திற் பெருந் தொலைநோக்கிகளை நிறுவியிருப்பதும் இதனாலேயே.

ஆயின், இவ்விடையோடு நாம் அமைந்துவிடலாமா? வானத்தை வியப்பது வயிறு நிறைந்தோரின் பொழுதுபோக்கு என்று நம்மிற் சிலர் கருதுவதுண்டு. உழைப்பவனுக்கு முதலிற் சோறு, அழகு பின்னரே என்பது அவர்கள் வாதம். அட்டகாமாவின் வரலாறு இதற்கு மாறாகச் சான்று பகர்கிறது.

அவ்வானத்தின் கீழேதான் நைத்திரேற்று உப்பை அகழ்ந்த தொழிலாளர் வாழ்ந்தனர். கம்பனிக் கடையிலன்றி வேறெங்கும் செல்லாத வில்லைகளே அவர்களுக்குக் கூலி. 1907இல் வேலைநிறுத்தஞ் செய்தபோது அவர்கள் நியாயமான கூலியை மட்டுமா கேட்டனர்? இராப் பாடசாலைகளுக்கு இடமும் கேட்டனர். இக்கீக்கே நகரில், பாடசாலையொன்றிலே மனைவி மக்களோடு கூடியிருந்த அவர்களை டிசம்பர் 21ஆந் திகதி இராணுவம் சுட்டு வீழ்த்தியது.

1973இன் இராணுவச் சதிக்குப் பின்னர், கைவிடப்பட்டுக் கிடந்த சாக்கபூக்கோ என்னும் உப்புத் தொழிலூர் சிறைமுகாமாயிற்று. அங்கே கைதிகள் சிலர் இரவிற் கூடி விண்மீன் கூட்டங்களைக் கற்றனர். அவற்றைக் கொண்டு திசையறிந்து தப்பிவிடுவர் என அஞ்சிய அதிகாரிகள் அவ்வகுப்பைத் தடைசெய்தனர்.

கூலி பறிக்கப்பட்டவர்கள் கல்வியைக் கேட்டனர்; சுதந்திரம் பறிக்கப்பட்டவர்கள் வானத்தை நாடினர். ஆகவே அறிவு வேட்கையும் அழகுணர்ச்சியும் வசதியின் விளைவுகளல்ல. வசதி படைத்தோர்க்கே அவை உரியனபோலத் தோன்றுவது, ஏனையோரின் ஓய்வும் கல்வியும் பறிக்கப்பட்டிருப்பதனாலேயாம்.

அன்று அம்மாணவனுக்குக் காற்றையும் தூசியையும் பற்றிச் சொன்னேன். சொல்லாது விட்டதை இங்கு எழுதுகிறேன். நிமிர்ந்து பார்க்க நேரமும், பார்த்ததை விளங்கிக்கொள்ளக் கல்வியும் மனிதனுக்கு வேண்டும். அவ்விரண்டும் எல்லார்க்கும் கிடைக்கும்வரை, வானம் எங்கே அழகியது என்ற கேள்வியோடு, அது யாருக்கு அழகியது என்ற கேள்வியையும் நாம் கேட்டுக்கொண்டேயிருத்தல் வேண்டும்.