பார்த்தவன் கடன்

அன்னவாசலிலிருந்து சித்தன்னவாசலுக்குச் செல்லும் சாலையோரத்தில், மழைக்குப் பின் நிலக்கடலை விதைத்திருந்த கொல்லை ஒன்றில், ஒரு காலை வேளையில் ஏழெட்டு மயில்கள் இறங்கியிருந்தன. குகை ஓவியம் காண வந்த வெளியூர் அன்பர்கள் வேனை நிறுத்தி, குழந்தைகளை இறக்கி, மகிழ்ச்சியோடு படம் எடுத்துக்கொண்டிருந்தனர். அப்பொழுது கொல்லைக்காரர் தகரத்தைத் தட்டியபடி ஓடி வந்தார். மயில்கள் பறந்தன. வந்தவர்களுள் ஒருவர், "இவ்வளவு அழகான பறவையை விரட்ட எப்படித்தான் மனம் வருகிறதோ!" என்று முணுமுணுத்தார். வேன் சென்றபின் கொல்லைக்காரர் என்னிடம் சொன்னார்: "பாக்குறவங்களுக்கு அது மயிலுங்க. எனக்கு அது, தின்னுட்டுப் போன விதைக்கடலை."

அந்தச் சொல் என் நெஞ்சில் தைத்தது. அழகைக் காண்பவர் ஒருவர். அதற்கு விலை கொடுப்பவர் வேறொருவர். அப்படியானால் காண்பவருக்குக் கடன் ஏதும் இல்லையா?

அதே வாரம், நைரோபியில் பணிபுரியும் உறவினர் ஒருவர் விடுமுறையில் வந்திருந்தார். கென்யாவின் மாசாய் மாராவில் மூன்று நாள் சஃபாரி சென்ற படங்களைக் காட்டினார். சிங்கம், யானை, ஒட்டகச்சிவிங்கி எல்லாம் இருந்தன. ஆயினும் அவருக்கு ஒரு மனக்குறை. "சிறுத்தை மட்டும் கண்ணில் படவே இல்லை. கொடுத்த பணத்தில் பாதி வீண்" என்றார். நான் சிரித்தேன். பிறகுதான் யோசித்தேன்: காட்டில் தன் வழியே வாழும் ஓர் உயிர், நாம் பணம் கட்டிவிட்டோம் என்பதற்காக நம்முன் வந்து நிற்கக் கடமைப்பட்டதா?

'சஃபாரி' என்னும் சுவாகிலிச் சொல்லுக்குப் பயணம் என்பதே பொருள். வெள்ளையர் ஆட்சிக் காலத்தில் அது வேட்டைப் பயணத்தைக் குறிக்கலாயிற்று. கென்யா 1977இல் வேட்டையைத் தடை செய்தது. துப்பாக்கி பிடித்த கை ஒளிப்படக் கருவியைப் பிடித்தது. இது மனித மனத்தின் வளர்ச்சி என்பதில் ஐயமில்லை. கொல்லாமல் பார்ப்பது கொன்று மாட்டி வைப்பதைவிட எவ்வளவோ மேலானது.

எனினும் பார்வையும் சில வேளைகளில் காயப்படுத்துகிறது. மாசாய் மாராவில் வாழும் சிவிங்கிப்புலிகளைக் குறித்து 2018இல் ஓர் ஆய்வு வெளியாயிற்று. பயணிகள் குறைவாக வரும் பகுதிகளில் ஒரு தாய், ஓர் ஈற்றில் சராசரியாக இரண்டுக்கு மேற்பட்ட குட்டிகளை வளர்த்து ஆளாக்கியது. பயணிகள் நெருக்கமாக வரும் பகுதிகளிலோ அந்தச் சராசரி ஒன்றைக்கூட எட்டவில்லை. சிவிங்கிப்புலி பெரும்பாலும் பகலில் வேட்டையாடும் விலங்கு. சுற்றிலும் வண்டிகள் நின்றால் அதன் வாழ்வு எவ்வளவு குலையும் என்பதை நாமே ஊகிக்கலாம். அந்த வண்டிகளில் இருந்த எவரும் குட்டிகளுக்குத் தீங்கு நினைத்தவரல்லர். ஒவ்வொருவரும் விரும்பியது ஐந்தே நிமிடம். ஆனால் நூறு பேருடைய ஐந்து நிமிடம் சேர்ந்தால், ஒரு தாயின் முழு நாள் பறிபோகிறது. எவரும் தம்மைக் குற்றவாளி என்று எண்ணாமலேயே ஒரு குற்றம் நடந்து முடிகிறது.

விலை கொடுப்பவை விலங்குகள் மட்டுமல்ல. தான்சானியாவில் செரெங்கெட்டி தேசியப் பூங்கா 1951இல் அமைக்கப்பட்டது. தலைமுறை தலைமுறையாக அங்கே மாடு மேய்த்து வந்த மாசாய் மக்கள் 1959இல் அந்நிலத்தைவிட்டு வெளியேற்றப்பட்டனர். இன்று உலகம் வியந்து பார்க்கும் அந்தப் புல்வெளியை, விலங்குகளோடு பகிர்ந்து வாழ்ந்தவர்கள் அவர்கள்தாம். காண வருபவருக்கு வாயில் திறந்தது. காத்து வாழ்ந்தவருக்கு அடைபட்டது.

பிறரைக் குறை கூறும் தகுதி எனக்கு உண்டா என்று கேட்டுப் பார்க்கிறேன். சில ஆண்டுகளுக்கு முன், நீலகிரி அடிவாரக் காட்டுப் பகுதிக்குக் குடும்பத்தோடு சென்றிருந்தேன். கோடைக்காலம். வாடகை ஜீப்பில் போகும்போது, தொலைவிலிருந்த ஒரு குட்டைக்கு யானைக் கூட்டம் ஒன்று வந்துகொண்டிருந்தது. நடுவில் ஒரு குட்டியும் இருந்தது. இன்னும் அருகே போகும்படி ஓட்டுநரிடம் சொன்னேன். அவர் தயங்கினார். நான் ஐந்நூறு ரூபாயை எடுத்து நீட்டினேன். வண்டி சாலையைவிட்டு இறங்கியது. தாய் யானை குட்டியை மறைத்துக்கொண்டு நின்றது, காதுகளை விரித்தது, பிறகு கூட்டம் முழுவதும் திரும்பிக் காட்டுக்குள் சென்றுவிட்டது. எங்களுக்கு நல்ல படங்கள் கிடைத்தன. அந்தக் குட்டிக்குத் தண்ணீர் கிடைக்கவில்லை.

தாகமாயிருந்தவருக்குத் தண்ணீர் கொடுப்பதைப் பற்றி ஆண்டவர் கூறியது மனிதரைக் குறித்தே என்பதை அறிவேன். ஆயினும் அந்த நற்செய்திப் பகுதி கோவிலில் வாசிக்கப்படும்போதெல்லாம் அந்தக் குட்டை என் நினைவுக்கு வருகிறது.

இங்கே ஒரு நியாயமான மறுப்பு எழலாம். பயணிகள் தரும் பணம் இல்லையேல் காடுகளைக் காப்பது எப்படி? உண்மைதான். மாசாய் மாராவைச் சுற்றியுள்ள சில பாதுகாப்பு நிலங்களில், சுற்றுலா வருவாயிலிருந்து நில உரிமையாளரான மாசாய் குடும்பங்களுக்குக் குத்தகைத் தொகை செல்கிறது. ஒரு விலங்கின் அருகே எத்தனை வண்டிகள் நிற்கலாம் என்பதற்கும் அங்கே வரம்பு உண்டு. ஆகவே பார்ப்பது தவறு என்பதல்ல என் வாதம். பார்வையின் விலை உரியவரைச் சென்று சேர்கிறதா, அந்த உயிருக்கு உரிய இடம் விடப்படுகிறதா என்பதே கேள்வி.

நம் மாநிலத்திலும் இக்கேள்வி நீதிமன்றம் வரை சென்றது. முதுமலையை ஒட்டிய சிகூர் பகுதி, மேற்குத் தொடர்ச்சி மலைக்கும் கிழக்குத் தொடர்ச்சி மலைக்கும் இடையே யானைகள் நடந்து செல்லும் வழி. காட்டைக் காண வருவோருக்காக அவ்வழியிலேயே விடுதிகளும் வேலிகளும் எழுந்தன. யானை வழித்தடத்தைக் காக்கும் அரசின் நடவடிக்கையைச் சென்னை உயர் நீதிமன்றம் 2011இல் ஏற்றது. உச்ச நீதிமன்றம் 2020 அக்டோபரில் அதை உறுதி செய்தது. யானையைக் காணும் ஆசையே யானையின் வழியை அடைத்தது என்பதை எண்ணிப் பார்க்கும்போது நெஞ்சம் நாணுகிறது.

யோபு நூலின் இறுதிப் பகுதியில், துன்புற்ற அம்மனிதருக்கு இறைவன் காட்டு உயிர்களை ஒவ்வொன்றாக எடுத்துக் கூறுகிறார். சிங்கமும் வரையாடும் காட்டுக் கழுதையும் கழுகும் அங்கே வருகின்றன. அவற்றுள் ஒன்றும் யோபுக்குப் பயன்படுவதில்லை. அவர் கண்முன் வந்து நிற்பதுமில்லை. மனிதரே இல்லாத பாழ்நிலத்திலும் தாம் மழை பெய்விப்பதாக இறைவன் கூறுகிறார். நாம் பார்க்காத இடத்திலும் படைப்பு அவருக்கு உரியது. நாம் பார்ப்பதால் அது நமக்கு உரியதாகிவிடாது. யோபு கையால் வாயைப் பொத்திக்கொண்டார். காட்டுக்குள் நுழைபவர் கொள்ள வேண்டிய முதல் ஒழுக்கமும் அந்த அடக்கமே.

நம் சித்தன்னவாசல் குகையின் விதானத்தில் ஒரு தாமரைக் குளம் தீட்டப்பட்டிருக்கிறது. மீன்களும் பறவைகளும் யானைகளும் அங்கே இருக்கின்றன. தாமரை கொய்யும் மனிதரும் அதே குளத்தில்தான் இறங்கி நிற்கின்றனர். அருக சமயத்தார் தீட்டிய அவ்வோவியத்தில் கரையில் நின்று வேடிக்கை பார்ப்பவர் எவருமில்லை. நாமும் அவ்வுயிர்களோடு ஒரே குளத்தில் நிற்பவர்களே.

ஆகவே அடுத்த முறை காட்டுக்குச் செல்லும்போது, விலகி நிற்கக் கற்போம். விலங்கு கண்ணில் படாமல் போனால், அது நலமாக இருக்கிறது என்று மகிழ்வோம். நாம் காணும் அழகோடு அன்றாடம் வாழ்ந்து இழப்பவர் யாரென்று கேட்டறிந்து, அவருக்குச் சேர வேண்டியது சேரும்படி குரல் கொடுப்போம்.

அந்தக் கொல்லைக்காரர் மறுபடியும் விதைகடலை வாங்கி விதைத்தார். மயில்களுக்கு அவர் ஒரு தீங்கும் செய்யவில்லை. பழைய சேலைகளைச் சுற்றிலும் கட்டி, விடியலில் எழுந்து வந்து தகரம் தட்டுகிறார். நாம் படம் எடுத்துக்கொள்ளும் மயில்கள் இன்னும் நம் ஊரில் இருக்கின்றன என்றால், அது இத்தகைய மனிதர்களின் பொறுமையால். அந்தக் கடனை நாம் இன்னும் எண்ணிப் பார்க்கக்கூடத் தொடங்கவில்லை.