பழுது பார்ப்போன் அறம்

முன்னோர் விட்டுச் சென்ற ஒன்று நம் கைக்கு வரும்போது, அதனை இருந்தவாறே காப்பது கடமையா, திருத்திக் காப்பது கடமையா? இவ்வினா ஏட்டுச் சுவடிகளை ஆய்வோர்க்கு மட்டும் உரியதன்று. பழைய வால்வு ஒலிபெருக்கியின் முன் ஈயப்பற்றுக் கோலும் கையுமாய் அமர்ந்திருப்பவனுக்கும் உரியதே.

இஜோக், புக்கிட் ரோத்தான், இன்று பெஸ்தாரி ஜெயா எனப் பெயர் மாறிய பத்தாங் பெர்ஜுந்தை ஆகிய வட்டாரங்களின் தோட்டங்கள் பல துண்டாடப்பட்டுவிட்டன. லயங்களில் வாழ்ந்த மக்களும் சிதறினர். அத்தகைய தோட்டமொன்றின் இசைக்குழு பயன்படுத்திய கித்தார் ஒலிபெருக்கி ஒருவனுக்குக் கிடைப்பதாகக் கொள்வோம். கோல சிலாங்கூரின் கடலோர ஈரம் மின்மாற்றியில் துருவை ஏற்றியிருக்கும். ஸ்பீக்கரின் காகிதக் கூம்பில் பூஞ்சணம் படிந்திருக்கும்.

வால்வின் இயக்கம் வியப்புக்குரியது. சூடேறிய எதிர்மின்வாயிலிருந்து எழும் மின்னணுக்கள் வெற்றிடத்தைக் கடந்து நேர்மின்வாயை நோக்கி விரைகின்றன. இடையே ஒரு கம்பிவலை நிற்கிறது. 1906இல் லீ டி பாரஸ்ட் அமைத்த அவ்வலையில் கித்தாரின் சிற்றசைவு படும்போது, பெரிய மின்னோட்டம் அதற்கேற்பக் கூடியும் குறைந்தும் பாய்கிறது. தஞ்சோங் காராங் வயல்களுக்கு நீர்விடும் மதகை ஒருவன் கையால் ஏற்றி இறக்குவது போன்றதே இது. வால்வை அதன் எல்லைக்கு மேல் உந்தினால் ஒலியலையின் உச்சி மழுங்கும். பொறியியலார் அதனைக் குற்றமாகக் கண்டனர். கித்தார் இசைப்போரோ அதனையே விரும்பினர். ஆகவே குற்றம் யாவற்றையும் களைய முற்படுவோன் கருவியின் குரலையே களைந்துவிடக்கூடும்.

அதனால் எதையும் தொடாதிருப்பதே நேர்மை என்பாரும் உளர். கைபடாத கருவிக்கே சேகரிப்போர் மிகுந்த விலை தருவர் என்பது அவர்தம் கொள்கைக்கு வலுவூட்டுகிறது போலும்! ஆனால் 1950களில் அமெரிக்காவில் உருவான கருவிகள் பலவற்றில், மின்கம்பி ஒன்றுக்கும் உலோக அடித்தட்டுக்கும் இடையே சிறு மின்தேக்கி ஒன்று இருந்தது. நிலத்தொடுப்பற்ற இருமுனைச் செருகியின் காலத்தில் இரைச்சலை அடக்க அது உதவிற்று. அது பழுதுற்று மின்னைக் கடத்தத் தொடங்கின், அடித்தட்டில் மின்னழுத்தம் ஏறும். கித்தாரின் நரம்புகள் அவ்வடித்தட்டோடு இணைந்தவை. நரம்பில் விரல் வைத்தவாறே ஒலிவாங்கியில் உதடு படும் பாடகனின் நிலை என்னாவது? அமெரிக்க 120 வோல்ட்டே உயிர் குடிக்கவல்லது. மலேசிய மின்னழுத்தம் அதனினும் ஏறத்தாழ இருமடங்கு. அம்மின்தேக்கியை அகற்றி, நிலத்தொடுப்புள்ள மூவிழைக் கம்பி பொருத்துவதைப் பழமைக்குச் செய்யும் துரோகம் என்பார் கூற்று ஏற்கத்தக்கதன்று.

எதனை மாற்றலாம், எதனை மாற்றலாகாது என்பதை ஒவ்வோர் உறுப்பும் ஏன் அங்கு வைக்கப்பட்டது என அறிந்தவனே சொல்லவியலும். வரைபடத்தைப் படியெடுத்தல் மட்டும் போதாது. 1962இல் லண்டனில் ஜிம் மார்ஷலுக்காகக் கென் பிரானும் டட்லி கிரேவனும் ஃபெண்டர் நிறுவனத்தின் 'பாஸ்மேன்' சுற்றை ஏறக்குறைய அவ்வாறே பின்பற்றினர். முதல் வால்வு மிகுதியாகப் பெருக்கும் வகையாயிற்று. 10 அங்குல ஸ்பீக்கர்களின் இடத்தில் 12 அங்குல ஸ்பீக்கர்கள் அமைந்தன. பிறந்தது வேறொரு குரல்! பொருளுணராது மனப்பாடம் செய்யும் மாணவனை அறிந்த ஆசிரியர்க்கு இது புதிதன்று.

1887இல் சீவக சிந்தாமணியைப் பதிப்பித்த உ.வே. சாமிநாதையர் ஏடுகள் பலவற்றை ஒப்பிட்டவர். பாடவேறுபாடுகளைப் பதிவு செய்தவர். தம் முடிவைப் பிறர் ஆராய இடம் வைத்தார். பழுது பார்ப்போனும் அவ்வாறு செய்தல் இயலும். உலர்ந்துபோன மின்தேக்கிகளை மாற்றியபின், எவற்றை, எந்நாளில், எக்காரணத்தால் அகற்றினான் என ஒரு தாளில் எழுதி, கழற்றிய உறுப்புகளோடு ஓர் உறையிலிட்டு, வெப்பம் தாக்காத மூலையில் பெட்டியினுள்ளேயே வைத்து மூடலாம்.