விதியைக் காத்தால் போதுமா?

உள்ளங்கையில் அடங்கும் ஒரு மின்மோட்டாரும் நீதியைப் பற்றிய பழைய கேள்வியை எழுப்ப வல்லது.

அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் ஜப்பானிலும், வானொலி அலைகளால் இயக்கப்படும் சிறு கார்களின் பந்தயம் நெடுங்காலமாக நடந்துவருகிறது. அதில் 'ஸ்டாக்' எனும் பிரிவின் நோக்கம் எளியது: மோட்டார் அனைவருக்கும் நிகராக இருக்கட்டும்; வெற்றியை ஓட்டுபவரின் திறன் முடிவு செய்யட்டும். எனவே பல இடங்களில் 17.5 சுற்றுக் கம்பிச்சுருள் கொண்ட மோட்டாரே அனுமதிக்கப்படுகிறது. வேகக் கட்டுப்பாட்டுக் கருவி மறைவாக வேகம் கூட்டவில்லை என்பதற்குச் சான்றாக, அதில் ஒரு சிறு விளக்கு மின்னிக்கொண்டிருக்க வேண்டும்.

ஆயினும், ஒரே ஆலையில் பிறந்த இரு மோட்டார்கள் முற்றிலும் ஒன்றல்ல. காந்தத்தின் வலிமையும் கம்பியின் மின்தடையும் சிறிதேனும் வேறுபடும். இதனைச் சோதனைக் கருவி காட்டிவிடும். மோட்டாரின் 'டைமிங்'கைச் சில பாகை முன்தள்ளினால் வேகம் கூடும். உடன் மின்னோட்டமும் வெப்பமும் கூடும். வெப்பம் மிஞ்சினால் காந்தம் வலுவிழக்கும். ஆகவே ஓட்டி, வெப்பம் அளந்து, குறித்துவைத்து, மீண்டும் ஓட்டிச் சரியான நிலையைக் கண்டடைகின்றனர். இது நேர்மையான உழைப்பு.

வேறொரு வழியும் உண்டு. வசதியுள்ளவர் பத்து மோட்டார்களை வாங்கிச் சோதித்து, சிறந்த ஒன்றை வைத்துக்கொண்டு ஒன்பதை ஒதுக்கிவிடலாம். விதி மீறப்படவில்லை, பரிசோதகர் குறை காணமாட்டார். ஆனால் பணம் சேர்த்து ஒரே மோட்டார் வாங்கியவர், பந்தயம் தொடங்குமுன்பே பின்தங்கிவிடுகிறார்.

தேர்ந்தெடுப்பதும் திறமைதானே என்பர் சிலர். ஓரளவு உண்மைதான். ஆனால் சீரமைக்கும் அறிவை அடுத்தவருக்குக் கற்றுத்தரலாம்; ஒன்பதை ஒதுக்கும் வசதியைக் கற்றுத்தர இயலாது. சட்டம் பொதுப்படப் பேசுவது. அது குறைவுபடும் இடத்தில், சட்டமியற்றியவர் அங்கிருந்தால் என்ன சொல்வார் என்று கேட்பதே நேர்மை என அரிஸ்டாட்டில் கற்பித்தார். 17.5 என்று எழுதியவர்கள் எண்ணியது சுற்றுகளின் எண்ணிக்கையை அல்ல, சமத்துவத்தை.

சில போட்டிகளில் அமைப்பாளர்களே மோட்டார்களை வழங்குகின்றனர். நல்ல முயற்சி, எனினும் அங்கும் ஒருவருக்குச் சற்று வலுக்குறைந்தது வாய்க்கலாம். எந்த விதியும் நீதியை முழுமையாக நிறைவேற்றிவிடாது. விதி முடியும் இடத்தில் மனச்சான்றின் பணி தொடங்குகிறது. தான் கண்டறிந்த பாகை அளவைப் பக்கத்து மேசையில் திணறும் இளைஞனிடம் சொல்லிவிட்டுப் பந்தயத்தில் இறங்குபவர், ஒருவேளை தோற்கலாம். ஆனால் அந்த விளையாட்டு எதற்காகத் தொடங்கப்பட்டதோ அதை அவரே காப்பாற்றுகிறார்.

நம் வெற்றிகளில் எத்தனை, நாம் ஒதுக்கிவைக்க முடிந்த அந்த ஒன்பதால் வந்தவை?