தங்கப் படலமும் அனுமான அளவையும்

பாதரச ஆவிக்கு நிறமில்லை, மணமுமில்லை. 20 பாகை செல்சியசில் பாதரச ஆவி நிறைந்த வளியில் கனமீற்றருக்கு ஏறத்தாழ 13 மில்லிகிராம் இருக்கும். உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டு அளவோ ஆண்டுச் சராசரியாக 1 மைக்கிரோகிராம். பதின்மூவாயிரம் மடங்கு வேறுபாடு. மூக்குக்கு இரண்டும் ஒரே வளிதான். காட்சியை மட்டும் அளவையாகக் கொள்ளும் உலகாயதன் இங்கே நஞ்சில்லை என்றே சொல்ல வேண்டியிருக்கும்.

மெல்லிய தங்கப் படலத்தால் இந்த ஆவியை அறியும் முறையை மக்னேர்னி, புசெக், ஹான்சன் ஆகிய மூவர் 1972 இல் வெளியிட்டனர். பாதரச அணுக்கள் தங்கத்தில் ஒட்டி இரசக்கலவையாகும். படலத்தின் மின்தடை கூடும். எவ்வளவு கூடியது என்பதிலிருந்து ஆவியின் அளவு கணிக்கப்படும். படலத்தைச் சூடாக்கினால் பாதரசம் நீங்கி, அது மறுபடி அளவீட்டுக்கு ஆயத்தமாகும்.

ஆக, இம்முறையில் இயங்கும் கருவி அறிவது மின்தடையை, பாதரசத்தை அன்று. சைவ சித்தாந்த நூலான சிவஞான சித்தியார், அனுமானத்துக்கு அடிப்படையான ஏதுவை இயல்பு, காரியம், அனுபலத்தி என மூன்றாக வகுக்கிறது. புகையிலிருந்து நெருப்பை அறிவது காரிய ஏது. கருவி காட்டும் எண்ணும் இவ்வகையே. வளி படாமல் மூடிவைத்த இன்னொரு தங்கப் படலமும் கருவிக்குள் உண்டு. பாதரசம் இல்லாத இடத்தில் இம்மாற்றமும் இல்லை என்று காட்டும் வெதிரேகம் அது. வெப்பநிலையால் வரும் மாற்றத்தையும் அதுவே கழித்துவிடுகிறது.

ஆனால் தங்கத்தில் ஒட்டுவது பாதரசம் மட்டுமல்ல. களப்பு போன்ற இடங்களில் சேற்றைக் கிளறினால் அழுகிய முட்டை நாற்றத்தோடு எழும் ஐதரசன் சல்பைட்டும் அப்படலத்தில் ஒட்டி மின்தடையைக் கூட்டும். அமில வாயுவை உறிஞ்சும் வடியில்லாத கருவியைக் களப்போரம் கொண்டுசென்றால் இல்லாத பாதரசத்தை அது அறிவிக்கக்கூடும். மணிமேகலையின் 29 ஆம் காதை விரித்துரைக்கும், ஏதுவெனத் தோன்றி ஏதுவாகாத ஏதுப்போலிக்கு இதைவிடத் தெளிவான எடுத்துக்காட்டுக் கிடைப்பது அரிது. அந்த வடி, தருக்க நோக்கில், ஏதுப்போலியை நீக்கும் உறுப்பு.

சுழி காட்டினால் என்ன பொருள்? குளிரின்மை பனியின்மையைக் காட்டும் என்பது அனுபலத்திக்குச் சித்தியார் தரும் எடுத்துக்காட்டு. இருந்திருந்தால் புலப்பட்டிருக்கும் என்ற உறுதி உள்ள இடத்தில் மட்டுமே இந்த ஏது செல்லும். கருவியின் உணர்திறனுக்குக் கீழே உள்ள ஆவியைப் பற்றிச் சுழி எதையும் நிறுவாது.

கடந்த காலத்தையும் அது நிறுவாது. கொடைக்கானல் பாதரச வெப்பமானித் தொழிற்சாலை 2001 இல் மூடப்பட்டது. அங்கு வேலை செய்தவர்கள் முன்பு சுவாசித்த வளியை இன்று எந்தப் படலமும் அளக்க முடியாது. எஞ்சுவது பதிவேடுகளும் அவர்களது வாக்கும். சொல்லைச் சான்றாகக் கொள்ளும் உரையளவை சித்தாந்தத்தில் முதன்மையாக ஆகமத்தையே குறிக்கும். தொழிலாளியின் வாக்கை அதனருகே வைப்பது நூற்பொருளை நீட்டுவதாகும். என்றாலும் இங்கே அந்த நீட்சி தவறன்று. அத்தொழிற்சாலையை நடத்திய ஹிந்துஸ்தான் யுனிலீவர் நிறுவனம் 2016 மார்ச்சில் 591 முன்னாள் தொழிலாளருக்காக உடன்பாடு செய்தது. அதற்கு அது சொன்ன காரணம் மனிதாபிமானம்.